பதிலுக்கு விட்ட இடம்

மாத்தளை
2025 ஜனவரி 9

கர்த்தருக்குள் அன்பான சகோதரி சுசீலாதேவி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு தடவை யட்டவத்தவுக்கு வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். முதல் தடவை ஆளரவம் இல்லை. இரண்டாம் தடவை உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை. கைப்பேசியிலும் என் இலக்கத்தை அடைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. தபால்காரருக்காவது கதவு திறப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் நீங்கள் செய்தது சபையாரை மிகவும் கலங்கவைத்துவிட்டது. வருடத்தின் முதல் நாள் வரிசையில் வந்து, தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபையின் வழக்கம். எந்த வசனம் வருகிறதோ அது அந்த வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு. எடுக்கத்தான் தட்டு வைக்கிறோம். நீங்களோ உங்கள் கணவர் அருள்தாசன் அண்ணன் போன வருடம் எடுத்த அட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "இத நிறைவேத்தாதவர்கிட்டயே திருப்பிக் குடுக்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். உங்களுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் கையை நீட்டவே பயந்துபோனார்கள்.

உங்கள் வேதனை எனக்குத் தெரியாததல்ல. செப்டம்பரில் அண்ணன் ஓட்டிவந்த பள்ளிக்கூட வேன்மீது அந்த வாகை மரம் முறிந்து விழுந்தபோது பலாபத்வலவுக்கு முதலில் ஓடி வந்தவர்களில் நானும் ஒருவன். அடக்க ஆராதனையும் நான்தான் நடத்தினேன். ஆனால் அண்ணன் இப்போது கர்த்தரிடத்தில் இருக்கிறார். நித்தியத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் இந்தப் பிரிவு ஒரு நொடி. சங்கீதங்களை நித்தியக் கண்ணோடு தியானிக்கும் தொடர்ப் பிரசங்கம் ஒன்றை இந்த மாதம் ஆரம்பிக்கிறேன். வந்து உட்காருங்கள். நீங்கள் சபைமுன் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் திருவிருந்தில் பங்குபெறலாம் என்று கமிட்டிச் செயலாளர் ஞானசுந்தரம் ஐயாவும் சொல்கிறார்.

அட்டை என் மேசையில் பத்திரமாக இருக்கிறது.

உங்களுக்காக ஜெபிக்கும்,
போதகர் வினோஜன்


யட்டவத்த
2025 ஜனவரி 17

பாஸ்டர் அவர்களுக்கு,

மின்விசிறி சத்தம் உண்மைதான். நான் உள்ளேதான் இருந்தேன். கதவைத் திறந்தால் நான் தேநீர் ஊற்றவேண்டும், நீங்கள் கண்ணை மூடி ஜெபிக்கவேண்டும், நான் ஆமென் சொல்லவேண்டும். அந்த ஆமென் எனக்கு வரவில்லை. வராததை வந்ததாகக் காட்ட எனக்குத் தெரியாது. உங்களை வெயிலில் நிற்கவைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

என் அவிசுவாசம் நீங்கும்படி ஜெபிப்போம் என்று அன்று மைக்கில் சொன்னீர்கள். நம்பாதவள் யாரிடம் அட்டையைத் திருப்பிக் கொடுப்பாள்? இல்லாத கடைக்குச் சாமானைத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டா? அந்தக் கோவிலில் அன்று இருந்தவர்களில் அவர் தந்த வாக்கை வாக்கு என்று எடுத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு அது பர்ஸில் வைக்கிற அழகான அட்டை.

நான் சைவ வீட்டில் பிறந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். நேர்த்தி வைத்தது நடக்காவிட்டால் என் அப்பா பிள்ளையாரோடு சண்டை பிடிப்பார். "இனி ஒம்பக்கம் வரமாட்டேன், பார்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவார். ஒரு மாதம் போகமாட்டார். பிறகு போவார். பிள்ளையாரும் கோவித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உங்கள் சபையில்தான் சாமிக்குப் பட்டென்று மனம் நொந்துபோகிறது.

மரம் விழுந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. புயலில்லை, மழையில்லை. பச்சை மரம். ஓட்டுநர் நல்லவர், வேன் நல்லது, ரோட்டும் நல்லது. மிச்சம் இருப்பது ஒருவர்தான். அவரிடம் கேட்கிறேன். இதிலென்ன பிழை?

பிள்ளைகள் இறங்கின பிறகு விழுந்ததே, கர்த்தர் நல்லவர் என்று செத்த வீட்டில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிள்ளைகள் தப்பியது எனக்கும் சந்தோஷம்தான். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி என் வாயை அடைக்கவேண்டாம்.

ஒரு காரியம் கேட்கவேண்டும். என் புருஷனுக்குக் கல் வைக்கப்போகிறேன். சபைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கும் கல்லில் வசனத்துக்கு உங்கள் கையெழுத்து வேண்டுமாம். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. கீழே பதின்மூன்றாம் சங்கீதத்திலிருந்து இவ்வளவு மட்டும்: "கர்த்தாவே, எதுவரைக்கும்?"

கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

சுசீலாதேவி


மாத்தளை
2025 பெப்ரவரி 20

அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பதில் தாமதித்தது கமிட்டி கூடும்வரை காத்திருந்ததால்.

கமிட்டி சம்மதிக்கவில்லை. நம் கல்லறைத் தோட்டம் பெரிய ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. சிங்கள ஆட்கள், முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் கடந்துபோகும் இடம். "நம்ம கடவுள் பதில் சொல்றதில்லனு நாமளே கல்லுல வெட்டி வைக்கணுமா?" என்று ஞானசுந்தரம் ஐயா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. "பொறுத்தார் பூமி ஆள்வார்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க பாஸ்டர்" என்றும் சொன்னார். அவருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, பயம்தான்.

கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்று வெட்டலாம். உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனங்கள் எத்தனையோ இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் கல்லறைகளைப் பாருங்கள், எல்லாம் ஆறுதல் தருபவை. நீங்கள் தெரிந்தெடுத்தால் அன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன்.

போன ஞாயிறு தொண்ணூறாம் சங்கீதத்தை எடுத்துப் பேசினேன். நம் நாட்கள் காலையில் முளைத்து மாலையில் வாடும் புல். அவருக்கோ ஆயிரம் வருடம் நேற்றுக் கழிந்த நாள் போல. இதை மனதில் வைத்துத் தியானித்தால் நம் துக்கங்கள் எவ்வளவு சிறியவை என்று விளங்கும். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கே உண்டு, சகோதரி. இங்கே கல்லில் வேண்டாம்.

நீங்கள் உட்காரும் வாங்கில் இன்னும் யாரும் உட்காருவதில்லை.

போதகர் வினோஜன்


யட்டவத்த
2025 ஏப்ரல் 3

பாஸ்டர் அவர்களுக்கு,

பூமியை ஆள எனக்கு ஆசையில்லை. ஆறடியில் ஒரு கல் வைத்தால் போதும் என்று ஞானசுந்தரம் ஐயாவுக்குச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பதில் எழுதமுன் சங்கீதப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட வேண்டும் என்று இருந்தேன். கலியாணத்துக்கு ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து கோவிலில் பிறர் வாசிக்கக் கேட்டதுதான். நானாகத் திறந்ததில்லை. நான் வேலைசெய்யும் கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பார்சலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு வாசித்தேன். பக்கத்து மேசை மல்காந்தி, பரீட்சை ஏதும் எழுதப்போகிறாயா என்று சிங்களத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

நூற்றிருபத்தோராம் சங்கீதத்தில், அவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை. நாற்பத்துநான்காம் சங்கீதத்தில் ஒரு கூட்டம் நின்று, ஏன் தூங்குகிறீர், எழும்பும் என்று சத்தம் போடுகிறது. இரண்டும் ஒரே புத்தகம். சேர்த்துவைத்தவர்களுக்கு மூளை இல்லாமலா சேர்த்தார்கள்? நம் செயலாளர் அப்போது கமிட்டியில் இருந்திருந்தால் நாற்பத்துநான்கு வெளியே போயிருக்கும்.

எண்பத்தெட்டைப் போய் வாசியுங்கள். கடைசி வரியிலாவது விடியும் என்று பார்த்துக்கொண்டே போனேன். விடியவில்லை. இருட்டோடு முடிகிறது. கந்தோர் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். எனக்கு முன்னால் ஒருவன் அவரிடம் இப்படிப் பேசியிருக்கிறான். அவனுக்காக யாரும் மைக்கில் பெயர் சொல்லி ஜெபிக்கவில்லை. அவன் சொன்னதை வேதத்திலேயே வைத்தார்கள்.

இப்போது உங்கள் தொண்ணூறுக்கு வருகிறேன். ஆயிரம் வருடம் அவருக்கு நேற்றுப் போல என்கிறீர்கள். நல்லது. அப்படியென்றால் அந்த மரம் விழுந்தது அவருக்கு நேற்றுக்கூட இல்லை. இப்போதுதான் விழுந்துகொண்டிருக்கிறது. "காலம் ஆத்தும்", "ஆறு மாசமாச்சே, இன்னுமா" என்று மனிதர்கள் சொல்லலாம். அவர் சொல்லமுடியாது. அவருக்கு எதுவும் பழசாவதில்லை. நித்தியத்தில் என் துக்கம் சின்னதாகிவிடும் என்று நீங்கள் பிரசங்கம் செய்கிறீர்கள். நான் வாசித்தது வேறு. எங்கள் கந்தோரில் ஒரு விதி இருக்கிறது: பதில் போகாத மனுவை மூடக்கூடாது. எத்தனை வருடமானாலும் அது அலுமாரியில் திறந்தே இருக்கும். நித்தியம் என்பதை நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். என் மனுவைக் காலாவதியாகிவிட்டது என்று தள்ள அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொன்று. என் புருஷன் தான் எடுத்த அட்டையை வேனின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். பக்கத்து சீற்றில் இருந்து அதை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார் என்பதுதான் அதில் இருந்தது. போய்வந்தால் சரி என்பது போல. வேதத்தில் பார்த்தேன். "இதுமுதற்கொண்டு என்றைக்கும்" என்றும் இருக்கிறது. உங்கள் அட்டையில் அது இல்லை. அந்த என்றைக்கும் எங்கே போயிற்று, பாஸ்டர்? நித்தியத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தருகிறவர் நீங்கள்.

கல் விஷயத்தில் நான் மாறவில்லை.

சுசீலாதேவி


மாத்தளை
2025 ஏப்ரல் 28

சகோதரி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் என்னைச் சுட்டது. மறைக்கவில்லை.

அட்டைகளை டிசம்பரில் என் மனைவியும் நானும் வீட்டில் கணினியில் அடித்து, வெட்டி, ஒட்டுகிறோம். அட்டை சிறியது. நீண்ட வசனத்தைச் சுருக்காமல் வழியில்லை. ஒரு வருடத்துக்குரிய வாக்குத்தானே, என்றைக்கும் என்பது எதற்கு என்று விட்டிருப்போம். எல்லாச் சபைகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆறுதலான வசனங்களை மட்டும்தான் தெரிந்தெடுப்போம். வருடப் பிறப்பன்று வந்து கை நீட்டுகிற பிள்ளைக்கு எண்பத்தெட்டாம் சங்கீதத்தையா கொடுப்பது? நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. இது எனக்குக் கிடைத்த முதல் சபை. இந்தச் சபையில் துக்கம் இல்லாத வீடு எது? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கண்முன்னே வீடு எரிந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அடக்கிக்கொண்டு பாடுகிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கேள்வியைக் கல்லில் வெட்டத் தொடங்கினால் தோட்டம் என்னவாகும்?

கோபிக்கவேண்டாம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்களுக்கு யாரையாவது குற்றவாளியாக நிறுத்தவேண்டியிருக்கிறது. மரம் உள்ளே உக்கியிருந்தது. முறிந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. விட்டுவிடுங்கள். கடவுளையும் விட்டுவிடுங்கள், உங்களையும் விட்டுவிடுங்கள்.

கமிட்டியின் முடிவே என் முடிவு.

போதகர் வினோஜன்


யட்டவத்த
2025 மே 5

பாஸ்டர்,

யாரையாவது குற்றவாளியாக நிறுத்தவேண்டியிருக்கிறது என்று எழுதினீர்கள். மிகச் சரி. ஆனால் எனக்கில்லை. ஊருக்கு.

இதை யாருக்கும் எழுதுவதில்லை என்று இருந்தேன். நீங்கள் எழுதவைத்துவிட்டீர்கள்.

அன்று வேனிலிருந்து கடைசியாக இறங்கியவள் பஹ்மிதா. பலாபத்வலவில் றாபியாவின் மகள், எட்டு வயது. வாசல்வரை போனவள், தண்ணீர்ப் போத்தலை வேனில் விட்டுவிட்டது நினைவு வந்து "அங்கிள், அங்கிள்" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்திருக்கிறாள். அவர் வேனை நிறுத்தி, சீற்றுக்கு அடியில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அடுத்த வளைவில் மரம்.

செத்த வீட்டுக்கு றாபியா மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நம் சபையார் ஒருவர், பெயர் வேண்டாம், "அந்தப் போத்தலுக்கு நின்னதாலதான் இந்த மனுசன் போனாரு. நேரா வந்திருந்தா தப்பியிருப்பாரு" என்று வாசலில் நின்று சொன்னார். மெதுவாகவும் சொல்லவில்லை. பிள்ளை உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். என் புருஷன் பெட்டியில் கிடக்க, நான் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதில்லை. எதையாவது மறந்துவிட்டால் திரும்பி எடுக்கப் போவதும் இல்லை. கொப்பி, பென்சில், குடை எதுவானாலும் விட்டது விட்டதுதான். டீச்சர் ஏசினாலும் அப்படித்தானாம். றாபியா வாரத்தில் ஒரு நாள் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறாள். "எங்கட புள்ளய மன்னிச்சிருங்க அக்கா" என்று குசினியில் நின்று அழுகிறாள். மன்னிக்க ஒன்றுமில்லை என்று தொண்டை கிழியச் சொல்லிவிட்டேன். பிள்ளை நம்பவேண்டுமே.

மரம் முறிந்தது, அவ்வளவுதான் என்கிறீர்கள். அவ்வளவுதான் என்று யாரும் விடுவதில்லை, பாஸ்டர். ஏன் என்ற கேள்வியை மேலே போகவிடாமல் நீங்கள் கையை வைத்து மறித்தால் அது செத்துப்போகாது. கீழே இறங்கும். கீழே நிற்பது எட்டு வயதுப் பிள்ளை.

அடக்கிக்கொண்டு பாடுகிறவர்களைப் பற்றி எழுதினீர்கள். அந்த வார்த்தையை என் வாசலில் சொன்னவரும் நன்றாகப் பாடுகிறவர்தான்.

அதனால்தான் கல்லில் கேட்கிறேன். பெரிய ரோட்டில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வேண்டும் என்று கேட்கிறேன். என் புருஷன் ஏன் செத்தார் என்பதற்குப் பதில் சொல்லவேண்டியவர் யார் என்று அதில் பெயர் போட்டு வெட்டவேண்டும். அவர் பெரியவர். அவர் தாங்குவார். அந்தப் புத்தகம் முழுக்க அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு என் ஒரு வரி பாரமா? அந்தப் பிள்ளையால் தாங்கமுடியாது.

நீங்கள் கையெழுத்து வைக்காவிட்டால் என் வீட்டு முற்றத்தில் வைப்பேன். வைக்காமல் விடமாட்டேன்.

சுசீலாதேவி


மாத்தளை
2025 ஜூன் 16

சுசீலா அக்கா,

அன்பான சகோதரி என்று எழுதிவிட்டு வெட்டினேன். அது இந்தக் கடிதத்துக்குச் சரிவரவில்லை.

உங்கள் கடிதம் வந்த கிழமை பலாபத்வலவுக்குப் போனேன். றாபியா தேத்தண்ணி தந்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் சொல்லவென்று பஸ்ஸில் போகும்போதே நல்ல வார்த்தைகளாகத் தயார்பண்ணிப் போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. படிப்பெல்லாம் எப்படி என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன். நீங்கள் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று வரும்வழியில்தான் விளங்கியது.

நேற்று ஞாயிறு. தொடர்ப் பிரசங்கத்துக்கு நூற்றிமூன்றாம் சங்கீதம் என்று அறிவித்திருந்தேன். எண்பத்தெட்டை வாசித்தேன். முழுவதும், கடைசி இருட்டுவரை. வாசித்துவிட்டு, இதற்குமேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பிறகு பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு அம்மா விம்மத் தொடங்கினார். அடுத்து இன்னொருவர். இத்தனை நாள் இவர்கள் இதை எங்கே வைத்திருந்தார்கள் என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஆராதனை முடிந்து ஞானசுந்தரம் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டு, "பாஸ்டர், இது நம்ம வேதத்துலதான் இருக்கா?" என்று கேட்டார். அவருடைய புத்தகத்தையே திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

கல்லுக்கான கையெழுத்து இத்துடன் இருக்கிறது. விதிப்படி போதகரின் கையெழுத்து மட்டும் போதும். கமிட்டியிடம் கேட்பது பழக்கம், அவ்வளவுதான். நான் இதில் அவர்களைக் கேட்கவில்லை. தலைமையகத்துக்கு முறைப்பாடு போகும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஜனவரியில் என்னை வேறு சபைக்கு மாற்றவும் கூடும். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

உங்கள் நித்தியத்தை நான் முழுக்க ஏற்றுக்கொண்டேன் என்று எழுதமாட்டேன். அண்ணன் கர்த்தரிடத்தில் இருக்கிறார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க நினைத்தேன். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வினோஜன்


யட்டவத்த
2025 செப்டம்பர் 22

வினோஜன் தம்பிக்கு,

நீங்கள் கிழக்கே சபை மாநாட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கல் நட்டுவிட்டேன் என்று கோபிக்கவேண்டாம். மழை தொடங்கமுன் நடவேண்டும் என்று மக்கீன் நானா ஒரே பிடிவாதமாக நின்றார். கல் வெட்டியவர் அவர்தான். நீங்கள் வந்து பார்க்கமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தை வெட்டி முடித்ததும், "கீழ எடம் விடவா தங்கச்சி, ஒங்க பேருக்கு?" என்று கேட்டார். புருஷன் கல்லில் பெண்சாதிக்கு இடம் விடுவது வழக்கமாம்.

"விடுங்க நானா. ஆனா எம்பேருக்கில்ல. என்னய வேற எங்கயாவது போடட்டும். அது பதிலுக்கு" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. முழக்கோலை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு எடம் வேணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கல்லின் பாதியை விடச் சொன்னேன். ஆகவே எழுத்தெல்லாம் மேல் பாதியில்தான் இருக்கிறது. கீழே வழவழவென்று வெறுங்கல். பார்க்கிறவர்கள் வேலை முடியவில்லை என்று நினைப்பார்கள். முடியவில்லைதான்.

நேற்று நான் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது ஞானசுந்தரம் ஐயா வந்தார். கைகட்டிக்கொண்டு நின்று கல்லைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றுமட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவருடைய தம்பியின் கல்லறைப் பக்கம் போய் நின்றார். அதில் என்ன வசனம் இருக்கிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

முறைப்பாடு போனதா இல்லையா தெரியாது. போயிருந்து உங்களை மாற்றினால் நானும் தலைமையகத்துக்கு ஒரு மனு எழுதுவேன். மனு எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. இந்த ஞாயிறு கோவிலுக்கு வருவேன். எல்லா இடத்திலும் ஆமென் சொல்வேன் என்று எதிர்பார்க்கவேண்டாம். வரும் இடத்தில் சொல்வேன்.

கல் நட்ட அன்று றாபியா பஹ்மிதாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் வரச்சொல்லித்தான் வந்தாள். பிள்ளை முதலில் கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கல்லுக்கு முன்னால் நிறுத்தினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்ட்டி, இது யார்கிட்ட கேக்குறீங்க?"

"கடவுள்கிட்ட."

திரும்பவும் அந்த வரியைப் பார்த்தாள்.

"அப்ப என்கிட்ட இல்லயா?"

"இல்ல மகள். ஒன்கிட்ட யாரும் ஒன்னும் கேக்கல. கேக்க வந்தா என்கிட்ட அனுப்பு."

றாபியா திரும்பிநின்று அழுதாள். பிள்ளை அழவில்லை. குனிந்து, கீழே வெறுமையாக இருந்த பாதியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அவர் பதில் சொல்லாட்டி?"

"சொல்ற வரைக்கும் நான் விடப்போறதில்ல" என்றேன்.

சுசீலா அக்கா